காப்பகத்தின் கதவைத் தட்டிய பிறகு என்ன நடக்கும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "என் தோழியை அவள் கணவர் அடிக்கிறார். மகளுக்கு ஆறு வயது, மகனுக்குப் பதிமூன்று. பெண்கள் காப்பகத்துக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறாள். அங்கே சோறும் படுக்க இடமும் தவிர வேறு என்ன கிடைக்கும்? பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களா? ஒருமுறை வெளியே வந்துவிட்டால் வீட்டின் மேல் இருக்கும் உரிமை போய்விடுமா?"

தமிழ்நாட்டில் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும் பெண்கள் இல்லத்தில் ஒன்பது வருடம் ஆலோசகராக இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். 'வெளியே காலை வைத்தால் எல்லாம் போச்சு' என்ற பயத்திலேயே பல பெண்கள் வருடக்கணக்கில் அடி வாங்கிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

உரிமை போகாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்து, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17-வது பிரிவு, கணவரோடு வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது இங்கே தடை இல்லை. மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீடாக இருந்தாலும் மருமகள் இந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தற்போது அந்த வீட்டில் இல்லாத பெண்ணும் கேட்கலாம் என்று 2022-ல் சொன்னது. வீடு அவளுக்குச் சொந்தமாகிவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை, வசிக்கும் உரிமை மட்டும்தான். அடித்தவரை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லவும், அவளுக்கு வேறு வீடு பார்த்துத் தரவோ வாடகை கொடுக்கவோ சொல்லவும் மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது.

அப்படியானால் அடிபட்டவள் ஏன் வெளியேற வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் உத்தரவு கிடைக்க நாளாகும், இன்றைக்கு ராத்திரியை அவள் எங்கே கழிப்பது? அம்மா வீட்டுக்குப் போனால் கணவர் முதலில் தேடி வரும் இடமே அதுதான். பெண் பிரிந்து போகிறாள் என்று தெரிந்ததும் வன்முறை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, அவள் கையை மீறிப் போகிறாள் என்று அவருக்குப் புரியும் அந்த நாட்கள்தான் மிக ஆபத்தானவை. காப்பகம் இருப்பதே அந்த நாட்களுக்காகத்தான்.

எப்படிப் போவது? பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். மாவட்டம்தோறும் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, பெரும்பாலும் அரசு மருத்துவமனை வளாகத்திலோ அதன் பக்கத்திலோ. மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பெற வைப்பதுதான் அதன் வேலை. அங்கே சுமார் 5 நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால், முன்பு 'சுவாதார் கிரே' என்று இருந்து இப்போது 'சக்தி சதன்' ஆகியிருக்கும் இல்லங்களுக்கோ, எங்களைப் போன்ற தொண்டு நிறுவன இல்லங்களுக்கோ அனுப்புவார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் நேராகவும் போகலாம். இவை எதையும் செய்யாமல் யாராவது ஒருவர் கைபிடித்துக் கூட்டி வந்து வாசலில் விட்ட பெண்களும் உண்டு.

ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். "போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வாம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று எந்தக் காப்பகமும் திருப்பி அனுப்பக் கூடாது. இந்தச் சட்டத்துக்கான 2006-ஆம் வருட விதிகளிலேயே அது இருக்கிறது. குடும்ப வன்முறை அறிக்கை பதிவாகவில்லை என்பதற்காக இடம் மறுக்கக் கூடாது. அவள் விரும்பினால், அவள் அங்கே இருக்கிறாள் என்பதைப் புகாருக்கு உள்ளானவரிடம் சொல்லவும் கூடாது.

எங்கள் இல்லத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆட்டோவில் வருபவர்களைத் தெருமுனையில் இறங்கச் சொல்லி, அங்கிருந்து நாங்கள் அழைத்து வருவோம். பெரும்பாலும் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். செருப்பு இருக்காது. முதல் ராத்திரி யாரிடமும் கதை கேட்பதில்லை. காயம் இருக்கிறதா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா, தினமும் எடுக்கும் மாத்திரை ஏதாவது உண்டா, இவ்வளவுதான் கேட்போம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அன்றைக்கே கேட்டுவிடுவோம்: "கழுத்தைப் பிடித்தாரா?" கழுத்தை நெரித்தால் வெளியே தடம் இல்லாமல் உள்ளே பாதிப்பு இருக்கலாம், அதனால் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம். கழுத்தில் கை வைத்தவர் அடுத்த முறை கொலை வரைக்கும் போகக்கூடியவர் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் மற்ற ஏற்பாடுகளைச் செய்வோம்.

ஆஸ்பத்திரியில் "மாடிப்படியில் விழுந்துட்டேன்" என்று சொல்லித்தான் பெண்களுக்குப் பழக்கம். கூடப் போகும் எங்கள் பணியாளர் அங்கே செய்யும் முக்கியமான வேலை, உண்மையைச் சொல்லும் தைரியத்துக்குத் துணையாக நிற்பது. விபத்துப் பதிவேட்டில் யார், எதால், எப்போது அடித்தார் என்று எழுதப்பட்டால், அந்தப் பதிவின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, பின்னால் நீதிமன்றத்தில் பெரிய ஆதாரம். பத்து வருடம் அடிபட்டும் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கையில் இல்லாமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் செல்போன். கூகுள் கணக்கு அவர் போனிலும் திறந்திருக்கிறதா, இருப்பிடம் பகிரப்படுகிறதா, பிள்ளைகள் விளையாடும் பழைய போன் ஏதாவது பையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிறகு ஆதார். நம் வீடுகளில் மனைவியின் ஆதாரோடு இணைந்திருப்பது பெரும்பாலும் கணவரின் நம்பர்தான். வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ அவள் எதற்கு முயன்றாலும் ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும். அவள் உயிரோடு எங்கோ இருந்து எதையோ செய்துகொண்டிருக்கிறாள் என்று அந்த ஆறு இலக்கம் அவருக்குச் சொல்லிவிடும். அதனால் முதல் வாரத்திலேயே புது சிம் வாங்கி, ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போய் நம்பரை மாற்றுவோம். கைரேகை வைத்தால் போதும், வேறு ஆவணம் கேட்க மாட்டார்கள். அப்புறம் அவள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில்தான் விழுகிறது, ஆனால் ஏ.டி.எம். கார்டு அவர் சட்டைப்பையில் என்ற கதை நிறைய.

அவர் சும்மா இருக்க மாட்டார். 'மனைவியையும் பிள்ளைகளையும் காணவில்லை' என்று புகார் கொடுப்பார். பல பெண்கள் இதைக் கேட்டதும் நடுங்கிப்போவார்கள். பயப்பட வேண்டியதில்லை. அவள் வயது வந்தவள், தன் விருப்பத்தில் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்தில் இருக்கிறேன் என்று கைப்பட எழுதிக் கொடுத்தால் அந்தப் புகாரை முடித்துவிடலாம். இருக்கும் முகவரியை அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தப் பேச்சுவார்த்தையை அவளுக்குப் பதிலாகக் காப்பகம் நடத்தும். ஒரு காவல் நிலையத்தில் "குடும்பம்னா நாலு இருக்கும்மா, அனுசரிச்சுப் போ" என்று சொல்லி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தராமல் எங்கள் பெண்ணை மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். அன்றைக்குப் பக்கத்தில் நான் இல்லாமல் இருந்திருந்தால் அவள் வீட்டுக்கே திரும்பிப் போயிருப்பாள். 1992-லேயே சென்னை ஆயிரம் விளக்கில் மகளிர் காவல் நிலையம் திறந்த மாநிலம் இது. நல்ல அதிகாரிகள் பலரை அறிவேன். ஆனாலும் தனியாகப் போகும் பெண்ணுக்கும், துணையோடு போகும் பெண்ணுக்கும் கிடைக்கும் மரியாதை இன்னும் வேறு வேறாகத்தான் இருக்கிறது.

வழக்கு விஷயத்தில் பலருக்கு ஒரு குழப்பம். "அவரை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு மனசு இல்லை, அடிக்காம இருந்தா போதும்" என்பார்கள். அந்த எண்ணத்துக்கு இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. அவளை நெருங்கக் கூடாது, பிள்ளைகளின் பள்ளிக்குப் போகக் கூடாது, மாதம் இவ்வளவு பணம் தர வேண்டும், பிள்ளைகள் இப்போதைக்கு அம்மாவிடம் இருக்கட்டும் என்றெல்லாம் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடலாம். அவசரம் என்றால் அவர் தரப்பைக் கேட்கும் முன்பே இடைக்கால உத்தரவும் தரலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் என்று குற்றவியல் பக்கம் வருகிறது. மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடப்பில் மாதக்கணக்கில் இழுக்கும், அதை அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வக்கீலுக்குப் பணம் வேண்டாம். பெண் என்றால் வருமானம் பார்க்காமலே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போட இந்தச் சட்டம் அனுமதிக்கிறது. அலைச்சல் மிச்சம்தான். ஆனால் மனு போட்ட மறுநிமிடம் அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். எந்த ஊரில் போடுவது என்பதை நாங்கள் ஒவ்வொரு பெண்ணோடும் தனித்தனியாக உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம். வாய்தா நாளில் நீதிமன்றத்திலிருந்து நேராக இல்லத்துக்குத் திரும்ப மாட்டோம். இரண்டு பஸ் மாறி, நடுவில் ஏதாவது ஒரு கடையில் டீ குடித்துவிட்டுத்தான் வருவோம்.

இனி பிள்ளைகள். என் அனுபவத்தில் காப்பகத்தின் பாதி வேலை இவர்களிடம்தான்.

ஏழு வயதுப் பையன் ஒருவன் அம்மாவோடு வந்தான். பகலெல்லாம் நன்றாக விளையாடுவான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் படுக்க மாட்டான். வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பான், வந்து படுப்பான், மறுபடியும் எழுந்து போவான். முதலில் அவனைத் தூங்க வைக்கப் பார்த்தோம், முடியவில்லை. எங்கள் வார்டன் அக்கா கடைசியில் அதை அவனுக்கு வேலையாகவே கொடுத்துவிட்டார். தினமும் ராத்திரி இரண்டு பேருமாகப் போய், முன்கதவு, பின்கதவு, மொட்டை மாடிக் கதவு என்று மூன்றையும் பூட்டி, சாவியை அவன் கையாலேயே ஆணியில் மாட்டுவார்கள். ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் டி.வி. பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டான். வார்டன் அக்கா அவனை எழுப்பவில்லை, தனியாகப் போய்ப் பூட்டிவிட்டு வந்து எங்களிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு அப்பா மேல் பயம் மட்டும் இல்லை, பாசமும் இருக்கும். அம்மாவின் போனை எடுத்து அப்பாவுக்கு ஒரு 'மிஸ் யூ' அனுப்பிவிடும் குழந்தைகளைத் திட்டக் கூடாது. "உங்கப்பா கெட்டவர்" என்று நாங்கள் சொல்வதில்லை. அடிப்பது தப்பு, அது உன்னால் நடக்கவில்லை, இப்போது அம்மாவும் நீயும் பத்திரமாக இருக்கிறீர்கள் என்ற மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்வோம். இரண்டாவதைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கும். தான் மார்க் குறைவாக வாங்கியதால்தான் அம்மாவுக்கு அடி விழுந்தது என்று நம்பிக்கொண்டு இருக்கும் பிள்ளைகள் உண்டு.

பள்ளிக்கூடம் நிற்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்க முடியாது. மாணவர் விவரங்கள் இருக்கும் எமிஸ் என்ற அரசுக் கணினிப் பதிவில், பழைய பள்ளியிலிருந்து பிள்ளையின் பெயரைப் புதுப் பள்ளிக்கு மாற்றும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். அப்பா பழைய பள்ளியில் போய் உரிமையோடு கேட்டால் விவரம் தெரிந்துவிடலாம். அதனால் இரண்டு பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் காப்பகம் முன்கூட்டியே பேசும், நீதிமன்ற உத்தரவு இருந்தால் நகலும் கொடுக்கும். புதுப் பள்ளியில் யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று எழுதிக் கொடுப்போம்.

உங்கள் தோழியின் பதிமூன்று வயது மகன் விஷயம் கடினமானது, மறைக்காமல் சொல்கிறேன். அரசுத் திட்டத்தில் நடக்கும் இல்லங்களில் பெண் குழந்தைகள் அம்மாவோடு தங்கலாம், ஆண் பிள்ளைகள் 12 வயது வரைதான். அதற்கு மேல் என்றால் குழந்தைகள் நலக் குழு வழியாகச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்புவார்கள். பல பெண்கள் ஒன்றாகப் படுக்கும் கூடத்தில் வளர்ந்த பையன் இருப்பது மற்றவர்களுக்குச் சங்கடம் என்பது காரணம், அது புரியாமல் இல்லை. ஆனால் அம்மாவைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்து அடி வாங்கியவன் பெரும்பாலும் அந்தப் பையன்தான். அவனைத்தான் நாம் தனியே அனுப்புகிறோம். இந்த ஒரு விதிக்காகவே வராமல் நின்றுவிட்ட அம்மாக்கள் எனக்குத் தெரியும். குடும்பத்துக்கு ஓர் அறை என்று தனித்தனியாகக் கட்டினால் தீரக்கூடிய பிரச்சினை இது. தனி அறை உள்ள சில தொண்டு நிறுவன இல்லங்கள் வயதில் விட்டுக்கொடுக்கின்றன. எனவே 181-இல் பேசும்போதே மகனின் வயதைச் சொல்லி, மூவரும் சேர்ந்து தங்கும் இடம் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், அவர் அறியாத ஒரு சொந்தக்காரர் வீட்டில் மகன் சில வாரம் இருக்க வழி உண்டா என்றும் பாருங்கள்.

சோறும் இடமும் தவிர என்ன என்று கேட்டிருந்தீர்கள். இதுவரை சொன்ன எல்லாவற்றையும் விடப் பெரியதாக நான் நினைப்பது, அவள் தன் முடிவைத் தானே எடுக்கக் கிடைக்கும் அவகாசத்தை. வந்த புதிதில் பெண்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பார்கள். "அக்கா, குளிச்சுக்கட்டுமா?" "அக்கா, ஃபேன் போடலாமா?" எங்கள் இல்லத்தில் வாரச் சமையலைத் தங்கியிருப்பவர்களே உட்கார்ந்து பேசித் தீர்மானிப்பார்கள். ஒரு பெண்ணிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் "பசங்களுக்குப் பிடிச்சது" என்பார். "உங்களுக்கு?" என்றால் யோசித்துக்கொண்டே இருப்பார், பதில் வராது. இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் பூண்டு வாசனை வந்தாலே தட்டைத் தூக்கி எறிவாராம் கணவர். அன்றைக்கு அந்தப் பெண் வைத்த பூண்டு வத்தக்குழம்புக்காக மாடியில் இருந்தவர்கள்கூட முன்னதாகவே இறங்கி வந்துவிட்டார்கள். கணவர் மேல் மனு போடுவதா, சமரசம் பேசுவதா, தனியாகப் போவதா என்பதை அவர் அதற்கு அடுத்த வாரம்தான் எங்களிடம் பேச ஆரம்பித்தார்.

திரும்பிப் போகும் பெண்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காக, பணத்துக்காக, ஊர்ப் பேச்சுக்காக, அவர் மாறிவிடுவார் என்ற நம்பிக்கைக்காகப் போவார்கள். போகாதே என்று நாங்கள் தடுப்பதில்லை. எந்தப் பக்கத்து வீட்டுக்கு ஓடலாம், எந்தப் பையைத் தயாராக வைத்திருக்கலாம், போனில் எந்த வார்த்தையைச் சொன்னால் நாங்கள் புரிந்துகொள்வோம் என்பதைப் பேசித்தான் அனுப்புவோம். மூன்றாவது முறை வரும் பெண்ணிடம் "அப்பவே சொன்னேனே" என்றால் நான்காவது முறை வரமாட்டாள். வர வேண்டிய நேரத்தில் வராமல் போனால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் 'ஸ்டவ் வெடித்தது' என்று பதிவாகும் பெண்களோடு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் சென்னையின் பிசிவிசி அமைப்பு பல வருடங்களாக வேலை செய்கிறது. அந்த ஸ்டவ்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. மானியம் தாமதமாக வரும் இல்லங்களில் ஆலோசகருக்குச் சம்பளம் மாதக்கணக்கில் நிற்கும், நல்லவர்கள் வேலையை விட்டுப் போய்விடுவார்கள். சில இல்லங்களில் பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களை வெளியே விடாமல் பூட்டி வைக்கிறார்கள், அது எனக்கு உடன்பாடே இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள், நாடு முழுவதற்குமான அளவு 29. அந்த எண்ணிக்கைக்கு நம்மிடம் இருக்கும் படுக்கைகள் எந்த மூலைக்கும் போதாது.

இல்லத்திலிருந்து கிளம்பும் கட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. தையல், நர்சிங் உதவியாளர், பேக்கிங் என்று ஏதாவது ஒரு வேலை கிடைத்த பிறகும், தனியாக இருக்கும் பெண்ணுக்கு வாடகை வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. "வீட்டுக்காரர் எங்கே?" என்ற கேள்விக்கு எங்கள் பெண்கள் பல வீட்டு வாசலில் நின்று பதில் சொல்லியிருக்கிறார்கள். முன்பணத்துக்குக் காப்பகம் உதவும், சில சமயம் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வீடு எடுப்பார்கள். பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் ஒரு நல்ல வழி.

இப்போது உங்கள் தோழிக்காக நீங்கள் செய்யக்கூடியது. ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, பாஸ்புக், மருத்துவச் சீட்டு, இவற்றின் நகல் ஒரு செட் உங்கள் வீட்டில் இருக்கட்டும். அசலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அவருக்குச் சந்தேகம் வராதபடி எடுத்துத் தந்தால் வாங்கி வையுங்கள். 181 அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும், போனில் தேட வேண்டாம். கையில் காசே இல்லாவிட்டாலும் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதை நினைவுபடுத்துங்கள், எங்களிடம் அப்படி வந்தவர்கள் உண்டு. அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் கிளம்புவது நல்லது, சண்டை நடுவில் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டாம். பொருள் எதையாவது மறந்துவிட்டால் அதற்காகத் திரும்பவும் போக வேண்டாம், போலீஸ் துணையோடு பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அவள் போன பிறகு எங்கே இருக்கிறாள் என்று உங்களிடமும் சொல்லமாட்டாள். வருத்தப்படாதீர்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வந்து கேட்கும்போது தெரியாது என்று உண்மையாகவே நீங்கள் சொல்ல முடிய வேண்டும். முன்பின் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள், அது அவளாக இருக்கலாம்.